இரண்டு மேலே, இரண்டு கீழே

எனக்கு ரக்பி லீக் தெரியும் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அதை விளையாடுவேன் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. அந்த ஆட்டத்தில் அணிகள் எப்படி மேலே ஏறுகின்றன, எப்படிக் கீழே இறங்குகின்றன என்பது தெரியும், அவ்வளவுதான். எழுபதுகளில் ரொறன்ரோவில் அது தெரிந்த தமிழ்ப் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். அந்த அறிவால் எங்கள் வீட்டுக்குள் வந்த குழப்பத்தையும் நான்தான் சொல்லவேண்டும்.

கனடாவுக்கு வரும் முன் வட இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை நகரத்தில் தாதியாக இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மைதானம். சனிக்கிழமை பின்னேரம் அவசரப் பிரிவில் நின்றால் உடைந்த மூக்கும் கழன்ற தோளுமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தையல் போடும்போது வாய் திறக்காதவர்கள், ஊர் அணி பட்டியலில் எங்கே நிற்கிறது என்ற பேச்சு வந்தால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள்.

அதற்கு முன் பல வருடங்களாக முப்பது அணிகளுக்கும் ஒரே பட்டியல். மேலே உள்ளவர்கள் கிண்ணத்துக்குப் போட்டியிடுவார்கள். அடியில் கிடப்பவர்களுக்கு நத்தார் பண்டிகையோடு எல்லாம் முடிந்துவிடும். வென்றாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். பார்க்க வருகிற சனமும் குறைந்துவிடும். நான் அங்கே இருந்தபோது அதை இரண்டாகப் பிரித்தார்கள். முந்திய வருடப் பட்டியலில் முதல் பதினாறு இடத்தில் வந்தவர்கள் முதலாம் பிரிவு, மிச்சப் பதினான்கும் இரண்டாம் பிரிவு. வருட முடிவில் மேல் பிரிவின் கடைசி நான்கு அணிகள் கீழே போகும். கீழ்ப் பிரிவின் முதல் நான்கு அணிகள் மேலே வரும். வென்றால் இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் கால் முறிந்து எங்கள் வாட்டில் கிடந்த ஒரு பஸ் சாரதி. நாங்கள் மோசமான நோயாளிகளைத் தாதியின் மேசைக்குக் கிட்ட வைத்திருப்போம். தேறத் தேற ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போவோம். நீ தினமும் செய்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள் என்றார் அவர். அதற்குப் பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

முதல் வருடமே எங்கள் ஊர் அணி கீழே போய்விட்டது. அந்த மனிதர் கால் காட்ட வந்தபோது நான் செத்த வீட்டுக்குப் போனதுபோல முகத்தை வைத்துக்கொண்டு துக்கம் விசாரித்தேன். கழுத்தில் அணியின் சால்வையைச் சுற்றியிருந்தார். கீழே போனவர்களுக்குத்தான் இனி வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நடந்தார். அடுத்த வருடம் அவர்கள் ஏறினார்கள். அந்தக் கோடையில் நானும் கலியாணம் முடித்து ரொறன்ரோ வந்து சேர்ந்தேன்.

என் கணவர் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் இருந்தார். எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் யாழ்ப்பாணத்தவர்கள் சிலர், மெட்ராஸிலிருந்து படிக்க வந்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும் சிலர். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுக்குப் போக இடமில்லை. கட்டடத்தின் பேஸ்மென்றில் ஒரு மேசைப்பந்து மேசை இருந்தது. நல்ல வெளிச்சம், நல்ல பலகை. இன்னொரு மேசை, பழையது, சலவை அறைக்குள் இருந்தது. சலவை இயந்திரங்கள் வேகம் பிடித்துச் சுழன்றால் அந்த மேசையும் சேர்ந்து நடுங்கும்.

ஆம்பிளைகள் ஒரு போட்டி தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே பட்டியல். மெட்ராஸ் மாணவர் ஒருவர் பந்தைச் சுழற்றியடிப்பதில் மன்னன். மூன்றாவது கிழமையே அவர்தான் வெல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடியில் கிடந்தவர்களுக்குத் தலையிடி, விருந்தாளி, பனி என்று காரணங்கள் முளைத்தன. நத்தாருக்கு முன் போட்டி படுத்துவிட்டது. ஒருநாள் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு இதைப் பற்றிப் புலம்பினார்கள். நான் ரக்பி லீக்கைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு வடையை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பொங்கல் கழிய இரண்டு பிரிவு தொடங்கியது. பிரிவுக்கு எட்டுப் பேர். மேல் பிரிவுக்கு நல்ல மேசை, கீழ்ப் பிரிவுக்குச் சலவை அறை மேசை. முடிவில் இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே. பதினாறு பேர் தேறவில்லை என்றதும் என்னையும் கீழ்ப் பிரிவில் சேர்த்தார்கள். சமத்துவம் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம், ஆள் குறைந்தது. தாதியர் விடுதியில் நான் வருடக்கணக்காக விளையாடியவள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பொங்கலோடுதான் என் அண்ணை கொழும்பிலிருந்து வந்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளர். அங்கே அவருக்குக் கீழே இருந்தவர்கள் சிங்கள மொழியின் பெயரால் அவருக்கு மேலே போய்விட்டார்கள். அதைப் பொறுக்க முடியாமல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தனியாக வந்தார். ஒரு வருடம் பார்ப்பேன், சரிவராவிட்டால் திரும்பிவிடுவேன் என்று வந்த அன்றே எங்களிடம் சொன்னார். போன இடமெல்லாம் கனடிய அனுபவம் கேட்டார்கள். கடைசியில் ஒரு கடையின் பின்பக்கத்தில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. காலையில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போவார். அங்கே போய் மாற்றுகிற உடுப்பு பையின் அடியில் இருக்கும். நாங்கள் எல்லோரும் அந்தப் பையைப் பார்க்காதவர்கள்போல இருந்தோம்.

இந்த அண்ணையைத்தான் எங்கள் ஆட்கள் நேரே மேல் பிரிவில் போட்டார்கள். இங்கிலாந்தில் முந்திய வருடப் பட்டியலைப் பார்த்துத்தான் பிரித்தார்கள் என்று நான் சொன்னேன். யார் கேட்டது? வயதில் மூத்தவர், எஞ்சினியர், பல்கலைக்கழகத்தில் விளையாடியவர். அவரைச் சலவை அறைக்குள் விடுவதா என்றார்கள். அவர் மட்டையைத் தொட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல். ரக்பி லீக்கை எடுத்துக்கொண்டோம், ஆனால் ஆளுக்கு இடம் கொடுப்பதைக் கலியாணப் பந்தியில் கொடுப்பதுபோலக் கொடுத்தோம்.

அண்ணை தோற்றார். முதல் ஞாயிறு தோற்றார், அடுத்த ஞாயிறும் தோற்றார். பந்து போய்விட்ட பிறகு மட்டை வரும். தோற்றதும் கைகுலுக்கி, நன்றாக விளையாடினீர்கள் என்று மற்றவருக்குச் சொல்லுவார். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். மாசிக் கடைசியில் பட்டியலின் அடியில் நின்றார். அதே நாட்களில் யங் வீதியில் ஒரு நிறுவனம் அவரைப் படவரைஞராக எடுக்கக் கூப்பிட்டது. கடைநிலை வேலை. மேலே இருப்பவன் அவரைவிடப் பதினைந்து வயது இளையவன். பொறியியலாளர் என்று இங்கே போடவேண்டுமானால் மறுபடி சோதினைகளும் எழுதவேண்டும். நான் குளம் கட்டினவன், திரும்பவும் பள்ளிக்கூடம் போறதோ என்று ஒருமுறை கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு யோசிக்காமல் இருந்தார்.

பங்குனியில் அண்ணை வெல்லத் தொடங்கினார்.

நான் சலவை அறையில் ஆடிக்கொண்டே திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். மெட்ராஸ் மாணவர் தன் வாழ்நாளில் வலைக்குள் பந்து போடாதவர். அன்று போட்டுக்கொண்டே இருந்தார். இன்ஷூரன்ஸ் விற்கிற ஒருவர், எங்கள் கூட்டத்தில் படு கஞ்சர், புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார். என் கணவரின் இடக்கை அடி எல்லோரும் பயப்படுகிற அடி. அண்ணையோடு ஆடும்போது அவர் அந்தக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பந்தைத் தாலாட்டினார். தபால் பிரிவில் வேலை செய்த இன்னொருவர், பாவம், தோற்பதற்கு மிகவும் பாடுபட்டார். அண்ணை தொடர்ந்து நான்கு ஆட்டம் வென்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அண்ணையும் நானும் கரம்போர்ட் விளையாடுவோம். எப்போதும் நான்தான் வெல்லுவேன். பத்து வயதிருக்கும், ஒருநாள் அவர் வேண்டுமென்றே காயைத் தவறவிடுவதைக் கண்டுபிடித்தேன். பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு அவரோடு பல நாள் பேசவில்லை. அதுவரை நான் வென்ற அத்தனையும் அந்த ஒரு நாளில் இல்லாமல் போய்விட்டது. அது என்ன மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணை நான்காவது ஆட்டம் வென்ற அன்று இரவுச் சாப்பாட்டில் கணவர், மச்சான் இப்ப நல்லா விளையாடுறார் என்றார். நான் கறிச்சட்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

கடைசி ஞாயிறுக்கு முன் ஒருநாள் நான் சமைத்துக்கொண்டு நின்றபோது அண்ணை குசினி வாசலில் வந்து நின்றார். கழுத்துப்பட்டியை இன்னும் கழற்றவில்லை.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. நான் வெல்லுறனோ, அவங்கள் தோக்கிறாங்களோ?"

நான் அடுப்பை அணைத்தேன். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஊரே சேர்ந்து அவருக்காகக் கட்டின பொய். நான் ஒருத்தி ஏன் உடைக்கவேண்டும் என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

"தோக்கிறாங்கள் அண்ணை," என்றேன்.

அவர் ஓம் என்று தலையாட்டினார். குளிரில் பல்கனிக்குப் போய் வெகுநேரம் நின்றார். நான் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன்.

கடைசி ஞாயிறு, ஆட்டங்கள் எல்லாம் முடிந்து, பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அண்ணை தப்பிவிட்டார். கீழே போகவேண்டியவர்கள் இரண்டு பேர்: இன்ஷூரன்ஸ்காரர், அடுத்தது என் கணவர். விட்டுக்கொடுத்தே விழுந்திருந்தார்கள். கணவர் பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தார். இன்ஷூரன்ஸ்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. தான் ஒரே ஒரு ஆட்டம்தான் விட்டதாக வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட மெட்ராஸ் மாணவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"அக்கா, நான் மட்டும்தான் விட்டேன்னு நினைச்சேன்."

தபால்காரரும் அதையே நினைத்திருந்தார். என் கணவரும் அதையே நினைத்திருந்தார். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமல், ஆளுக்கு ஆள் தனித்தனியாக நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள். நல்ல மனதுக்குக் குறைவில்லாத கூட்டம். அந்த நேரத்தில் எனக்கு நால்வருக்கும் ஆளுக்கொன்று அறையலாம்போல இருந்தது.

அண்ணை அவர்களுக்கு நடுவில் வந்தார். குரலை உயர்த்தவில்லை. தான் கீழே போவதாகச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டம் கொண்டுவந்தவள் நான். ரக்பி லீக்கில் ஒரு அணி தானாக விரும்பிக் கீழே போக முடியாது, பட்டியல்தான் அனுப்பவேண்டும் என்றேன்.

"அப்ப பட்டியல் உண்மையா இருக்கவேணும்," என்றார் அண்ணை. "அந்த நாலு ஆட்டத்தையும் திரும்ப விளையாடுவம். ஆரும் எனக்கு மரியாதை தரவேண்டாம். பந்தை மட்டும் தாங்கோ."

அடுத்த ஞாயிறு திரும்ப விளையாடினார்கள். மெட்ராஸ் மாணவர் முதல் புள்ளிக்குத் தயங்கினார். அண்ணை பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு மாணவர் தயங்கவில்லை. அண்ணையைக் கிழித்துப் போட்டார். இன்ஷூரன்ஸ்காரர் முழுக் கோபத்தோடு ஆடி வென்றார். தபால்காரரும் வென்றார், ஆனால் வியர்த்துப்போனார். மூன்று தோல்விக்குப் பிறகு அண்ணையின் முகத்தில் நான் அந்த நாட்டில் அதுவரை காணாத ஒரு தெளிவு இருந்தது.

கடைசியில் என் கணவர். இடக்கை அடி ஒன்றும் குறையாமல் வந்தது. ஒவ்வொன்றையும் அண்ணை ஓடி ஓடி எடுத்தார். கையும் கண்ணும் கடைசியில் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிட்டன. மூன்றாவது செற்றில் அண்ணை வென்றார். என் கணவர் மட்டையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விட்டுக்கொடுக்கவில்லை என்று அவர் சத்தியம் பண்ணத் தேவையிருக்கவில்லை. அந்த மூஞ்சையே போதும்.

புதிய பட்டியலின்படி கீழே போனவர்கள் அண்ணையும் என் கணவரும். கீழ்ப் பிரிவில் இரண்டாவதாக வந்து மேலே போனவள் நான். அன்று வீட்டில் யார் சமைப்பது என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. நான் சமைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணை வேலைக்குப் போகும் முன் யங் வீதி நிறுவனத்துக்கு ரெலிபோன் எடுத்தார். அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கழுத்துப்பட்டி அப்படியே இருந்தது, பைதான் காணாமல் போனது. சோதினைக்கும் விண்ணப்பித்தார். ஆனால் குடும்பத்தைக் கூப்பிடும் பேச்சை எடுத்தால் மட்டும், ஒரு வருசம் எண்டு சொன்னனான், பாப்பம் என்பார். கொழும்பிலிருந்து மச்சாள், அண்ணையின் மனைவி, எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இலையுதிர் காலத்தில் அடுத்த போட்டி. நான் நல்ல வெளிச்சத்தில் ஆடினேன், தட்டுத்தடுமாறி நின்றுபிடித்தேன். சலவை அறையில் என் கணவர் மிகவும் வசதியாக இருந்தார். ஆட்டத்துக்கு இடையில் உடுப்புத் தோய்த்துக் காயவைத்து மடித்தும் விடுவார். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அண்ணை அந்த நடுங்கும் மேசையில் நிதானமாக ஆடக் கற்றுக்கொண்டார். நத்தாருக்கு முன் கீழ்ப் பிரிவில் முதலாவதாக வந்தார்.

அதற்கடுத்த போட்டியில் அண்ணையும் நானும் மேல் பிரிவில். அவர் வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. சோதினையில் முதல் பாடம் தேறியிருந்தார். ஒரு ரவல் ஏஜென்சியில் கொழும்புக்கு ரிக்கற் விசாரித்ததாகக் கணவர் என்னிடம் மட்டும் சொன்னார். போய் ஆட்களைக் கூட்டிவரவா, அல்லது போய் அங்கேயே நின்றுவிடவா என்று கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் வரவில்லை.

சித்திரையில் கடைசி ஞாயிறு. என் நிலைமை மோசம். என் கடைசி ஆட்டம் அண்ணையோடு. வென்றால் தப்புவேன், தோற்றால் கீழே. அவர் நடுவில் பத்திரமாக இருந்தார். வென்றாலும் தோற்றாலும் அவருக்கு ஒன்றுமில்லை. விட்டுக்கொடுப்பதற்கு இதைவிடத் தோதான ஆட்டம் கிடையாது. சுற்றி நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

முதல் செற் நான் எடுத்தேன். சந்தேகம் வந்தது; கரம்பலகை கண்ணில் வந்தது. அவர் பந்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அடிக்கத் தொடங்கினார். நான் எட்ட முடியாத மூலைகளாகப் பார்த்துப் போட்டார். என் உயரத்துக்கு எட்டாத இடம் எதுவென்று சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். இரண்டாவது செற் போனது. மூன்றாவதில் நான் நாயாய் ஓடினேன். கடைசிப் பந்து என் மட்டையின் விளிம்பில் பட்டுப் பறந்து, திறந்த கதவு வழியாகச் சலவை அறைக்குள் போய் ஏதோ ஒரு இயந்திரத்தின் கீழே நின்றது.

அண்ணை தன் வாழ்க்கையில் முதல்முறையாக என்னை வென்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றதற்காக இல்லை என்று அங்கே நின்றவர்களுக்கு எப்படிச் சொல்வேன்?

அவர் மேசையைச் சுற்றி வந்து என் கையைக் குலுக்கினார். நன்றாக விளையாடினாய் என்று சொல்லவில்லை.

"அடுத்த முறை ஏறி வா பிள்ளை. நான் இஞ்சைதான் நிப்பன்."

அந்தக் கிழமையே அவர் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்பொன்சர் பண்ண எழுதிப்போட்டார். அன்று நான் குனிந்து, சலவை இயந்திரத்தின் கீழிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, என் கணவரோடு விளையாடப் போனேன்.